கணினி கேள்வி – பதில்: ஆப்பிள் செய்யாத கணினியில் மேக்ஓஎஸ்

சென்ற இதழில் வேறொரு பதிலின் நடுவே, நானே அசெம்பிள் செய்த கணினியில் 2019-இலிருந்து ஆப்பிளின் இயங்குதளமான மேக்ஓஎஸ் ஓடுகிறது என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு பலர் கேள்வி அனுப்பியிருக்கிறீர்கள். அதனால் இந்த இதழ் பெரும்பாலும் அதற்கே. ஆப்பிள் விற்காத கணினியில் மேக்ஓஎஸ் நிறுவுவதை ஹேக்கின்டாஷ் என்பார்கள். கீழே அந்தச் சொல்லையே பயன்படுத்துகிறேன்.

கேள்வி: ஒலிப்பதிவு படிக்கும் மாணவன் நான். ஆப்பிளின் ஒலிப்பதிவு மென்பொருளான லாஜிக் புரோ பழக வேண்டும். புதிய மேக் வாங்க வசதியில்லை. ஒரு கணினி அசெம்பிள் செய்து மேக்ஓஎஸ் போடலாம் என்றிருக்கிறேன். எந்தெந்தப் பாகங்களை வாங்குவது?

பதில்: சாதாரணமாக நாம் நல்ல பாகங்களாகப் பார்த்து வாங்கிப் பூட்டிவிட்டு, அப்புறம்தான் எந்த இயங்குதளம் போடலாம் என்று யோசிப்போம். விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் அது சரி. இங்கே அந்த வரிசை செல்லாது. ஆப்பிள் தன் கணினிகளில் எந்தப் பாகங்களை வைத்து விற்றதோ, அவற்றுக்கும் அவற்றை ஒத்தவற்றுக்கும்தான் மேக்ஓஎஸ்ஸில் டிரைவர் (பாகத்தை இயக்கும் நிரல்) இருக்கிறது. ஆகவே கடைக்குப் போவதற்கு முன்பே ஒன்றை முடிவு செய்துவிடுங்கள்: உங்கள் கணினி எந்த மேக்கைப் போல இருக்கப் போகிறது?

உங்களுக்கு நான் சொல்வது 2020-இல் வந்த 27 அங்குல ஐமேக். அதில் இருந்தது இன்டெலின் 10-ஆம் தலைமுறை பிராசஸர். அதே தலைமுறையில் ஐ5 அல்லது ஐ7 ஒன்றை எடுங்கள், அதற்குப் பொருந்தும் இசட்490 மதர்போர்டு ஒன்றைத் தேடுங்கள். 11-ஆம் தலைமுறையிலிருந்து பிராசஸருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸுக்கு மேக்ஓஎஸ்ஸில் டிரைவரே கிடையாது. தனி கிராபிக்ஸ் கார்டு போட்டால் 12, 13-ஆம் தலைமுறையும் ஓடும்தான். ஆனால் அந்த பிராசஸர்களில் வேகமான கோர், சிக்கனமான கோர் என்று இரண்டு வகை உண்டு. இன்டெலுக்கான மேக்ஓஎஸ்ஸுக்கு அந்த வேறுபாடு தெரியாது. முதல்முறை செய்பவர் அந்தப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது.

கிராபிக்ஸ் கார்டு ஏஎம்டியுடையதாக இருக்கட்டும். ஆர்எக்ஸ் 580, ஆர்எக்ஸ் 5700 எக்ஸ்டி, ஆர்எக்ஸ் 6600, ஆர்எக்ஸ் 6800 எல்லாம் சரியாக வேலை செய்யும். நடுவில் இருக்கும் ஆர்எக்ஸ் 6700 எக்ஸ்டிக்கு டிரைவர் இல்லை. 6600-க்கு உண்டு, 6800-க்கு உண்டு, 6700-க்கு மட்டும் எப்படி இல்லாமல் போகும் என்று கேட்பீர்கள். அந்தச் சிப்பை ஆப்பிள் எந்த மேக்கிலும் வைக்கவில்லை, அவ்வளவுதான். 7000 வரிசைக்கும் இல்லை. பழைய கார்டு வாங்கினால் பெயரை முழுவதும் படியுங்கள். 'ஆர்எக்ஸ் 580 2048எஸ்பி' என்று விற்கப்படுவது உண்மையான 580 அல்ல. அசல் 580-இல் 2304 ஷேடர்கள் (படத்தைக் கணக்கிடும் சிறு அலகுகள்), இதில் 570-ஐப் போல 2048 மட்டுமே. மேக்ஓஎஸ்ஸில் இந்தக் கார்டால் தொல்லைப்பட்டவர்கள் நிறைய.

உங்கள் வேலை ஒலி என்பதால் உங்களுக்கு ஓர் அனுகூலம் இருக்கிறது. ஹேக்கின்டாஷில் பலரையும் திணறடிப்பது மதர்போர்டின் சவுண்டு சிப்தான். நீங்கள் எப்படியும் யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று வாங்கத்தான் போகிறீர்கள். தனி டிரைவர் கேட்காத வகையாகப் பார்த்து வாங்கினால், செருகியதும் வேலை செய்யும். மதர்போர்டு சவுண்டை மறந்துவிடலாம். வைஃபையையும் ஒதுக்கிவிட்டு, இணையத்துக்குக் கேபிள் இழுத்துவிடுங்கள். 2023-இல் வந்த மேக்ஓஎஸ் பதிப்பான சோனோமா, பழைய பிராட்காம் வைஃபை கார்டுகளுக்கான ஆதரவை நீக்கிவிட்டது. அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டுமானால் இயங்குதளத்தின் கோப்புகளிலேயே கை வைக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். கலந்த பாட்டிலிருந்து குரலையும் தாளத்தையும் தனித்தனியே பிரிக்கும் லாஜிக்கின் புதிய வசதி ஆப்பிளின் சொந்தச் சிப் உள்ள மேக்கில்தான் வேலை செய்யும். உங்கள் பாடத்துக்கு அது தேவையென்றால் இந்த வழியே வேண்டாம்.

கேள்வி: ஆப்பிள் தன் கணினியில் மட்டுமே ஓடும்படி எழுதிய இயங்குதளம் வேறொரு கணினியில் எப்படி ஓடுகிறது? உடைத்துத் திருத்திய பிரதியா அது? (ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர்)

பதில்: நல்ல கேள்வி ஐயா. இன்றைய முறையில் இயங்குதளத்தின் பிரதியை யாரும் திருத்துவதில்லை. அதைத் திருத்தாமல் விடுவதுதான் இதன் அழகு.

2005 ஜூனில் ஆப்பிள் இன்டெலுக்கு மாறப் போவதாக அறிவித்தது. 2006 ஜனவரியில் முதல் இன்டெல் மேக்குகள் வந்தன. அந்த இன்டெல் மேக்குகளின் பிராசஸரும் நம் கணினியின் பிராசஸரும் ஒரே மொழி பேசுகின்றன. மிச்சம் இருந்தது அடையாளச் சிக்கல். மேக்ஓஎஸ் கிளம்பும்போது சில கேள்விகள் கேட்கும். நீ எந்த மாடல்? உன் பாகங்களின் பட்டியல் எங்கே? எஸ்எம்சி என்ற சிறிய சிப் உன்னிடம் இருக்கிறதா?

இதற்கெல்லாம் பதில் சொல்வது ஓப்பன்கோர் என்ற திறந்த மூல பூட்லோடர், அதாவது இயங்குதளத்தை எழுப்பிவிடும் நிரல். அசிடாந்திரா என்ற குழுவினர் 2019-இல் பொதுவில் வைத்தார்கள். கணினியை ஆன் செய்ததும் மேக்ஓஎஸ்ஸுக்கு முன்பே இது எழுந்துவிடும். மாடல் பெயரையும் பாகங்களின் பட்டியலையும் நினைவகத்தில் தயாராக எடுத்து வைக்கும். விர்ச்சுவல்எஸ்எம்சி என்ற துணை நிரலை ஏற்றும், இல்லாத சிப்புக்குப் பதிலாக அது பேசும். அதற்குப் பிறகுதான் மேக்ஓஎஸ்ஸைக் கூப்பிடும். வட்டில் இருக்கும் இயங்குதளக் கோப்புகளில் ஓர் எழுத்தும் மாறாது. அதற்கு முந்தைய காலத்தில் யாரோ திருத்திய பிரதிகள் கைமாறின. அவற்றுக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. 2020-இல் வந்த மேக்ஓஎஸ் பதிப்பான பிக் சர், இயங்குதளம் இருக்கும் பகுதிக்கே முத்திரை வைத்துவிட்டது. ஒரு கோப்பு மாறினாலும் முத்திரை உடைந்துவிடும். வட்டைத் தொடாத முறை என்பதால் ஓப்பன்கோருக்கு அது தடையாகவில்லை.

அந்த எஸ்எம்சி சிப்பைப் பற்றி இன்னொன்றையும் உங்களுக்குச் சொல்ல வேண்டும். மேக்ஓஎஸ் தன் சில பகுதிகளைத் திறப்பதற்கு அதனிடம் ஒரு சாவி கேட்கும். அந்தச் சாவி வெறும் எண்கள் அல்ல, ஓர் ஆங்கில வாக்கியம். 'எங்கள் கடும் உழைப்பு இந்தச் சொற்களால் காக்கப்படுகிறது, தயவுசெய்து திருடாதீர்கள்' என்பது அதன் பொருள். முதன்முதலாக அதைப் படித்த இரவு நான் வேலையை நிறுத்திவிட்டு வெகுநேரம் யோசித்தேன். அடுத்த கேள்வியும் அதைப் பற்றியதுதான்.

கேள்வி: அப்படியானால் இது சட்டப்படி குற்றமில்லையா? எங்கள் சிறிய அலுவலகத்தில் வீடியோ எடிட்டிங்குக்கு இரண்டு ஹேக்கின்டாஷ் வைக்கலாமா?

பதில்: மேக்ஓஎஸ்ஸை நிறுவும்போது நாம் ஒப்புக்கொள்ளும் உரிமத்தில் ஐயத்துக்கே இடமில்லை. ஆப்பிள் பெயர் கொண்ட கணினியில் மட்டும்தான் நிறுவலாம் என்று எழுதியிருக்கிறது. அமெரிக்காவில் சைஸ்டார் என்ற நிறுவனம் 2008-இல் மேக்ஓஎஸ் நிறுவிய சாதாரணக் கணினிகளை விற்றது. அதே ஆண்டு ஜூலையில் ஆப்பிள் வழக்குத் தொடர்ந்தது. 2009 நவம்பரில் தீர்ப்பு ஆப்பிள் பக்கம் வந்தது. மேல்முறையீட்டிலும் 2011-இல் சைஸ்டார் தோற்றது.

அலுவலகத்துக்கு வேண்டாம். வாடிக்கையாளரின் வேலையை வைத்திருக்கும் கணினி, உரிமத்தை மீறிய கணினியாக இருக்கக் கூடாது. சட்டத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டுப் பார்த்தாலும், ஒரு நாள் காலையில் அது எழுந்திருக்காவிட்டால் யாரைக் கூப்பிடுவீர்கள்? வீட்டில் கற்றுக்கொள்வதற்காகச் செய்பவரும் உரிமத்தை மீறுகிறோம் என்று தெரிந்தே செய்ய வேண்டும். நானும் தெரிந்துதான் செய்தேன். அதை மறைத்துவிட்டு உங்களுக்கு வழி சொல்வது நியாயமாக இருக்காது.

கேள்வி: என்னிடம் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு இருக்கிறது. ஏதாவது டிரைவர் கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. என்விடியா தனியாக வெளியிட்டுவந்த டிரைவர்கள் 2017-இல் வந்த ஹை சியரா பதிப்போடு நின்றுவிட்டன. கெப்ளர் காலத்துப் பழைய கார்டுகளுக்கு மேக்ஓஎஸ்ஸுக்குள்ளேயே இருந்த ஆதரவும் 2021-இல் மான்டரே பதிப்பில் போய்விட்டது. ஆர்டிஎக்ஸ் வரிசை எதுவும் எந்தப் பதிப்பிலும் ஓடியதில்லை. 'ஓட வைத்துவிட்டேன்' என்று காட்டும் வீடியோக்களை நம்பி உங்கள் ஞாயிற்றுக்கிழமைகளை இழக்காதீர்கள்.

கேள்வி: ஒன்பது நாள் போராடி நிறுவிவிட்டேன். படம், ஒலி, இணையம் எல்லாம் வருகிறது. ஆனால் ஸ்லீப் போட்டால் இரண்டே விநாடியில் தானாக விழித்துக்கொள்கிறது. பென் டிரைவும் சில துளைகளில்தான் வேலை செய்கிறது. இதோடு விட்டுவிடலாமா?

பதில்: விட்டுவிடாதீர்கள். உங்கள் இரண்டு சிக்கலுக்கும் வேர் ஒன்றுதான் என்று நினைக்கிறேன். இதே இடத்தில் மூன்று வார இறுதிகளைச் செலவழித்தவன் நான்.

மேக்ஓஎஸ் ஒரு யுஎஸ்பி கன்ட்ரோலருக்கு 15 போர்ட் மட்டுமே அனுமதிக்கும். 15 தாராளம் என்று தோன்றும். ஆனால் நீல நிற யுஎஸ்பி 3 துளை ஒவ்வொன்றும் இரண்டாகக் கணக்காகும். பழைய வேகத்துக்கு ஒன்று, புதிய வேகத்துக்கு ஒன்று. என்னுடையது இசட்390 மதர்போர்டு. அதன் சிப்செட் 26 போர்ட்களை அறிவிக்கிறது. பாதிக்கு மேல் வெளியே துளையே இல்லாதவை. வரிசையில் முதல் 15-ஐ எடுத்துக்கொண்டு மற்றதை மேக்ஓஎஸ் விட்டுவிடும். உங்கள் பென் டிரைவ் சில துளைகளில் மட்டும் தெரிவது அதனால்தான். ஓப்பன்கோரில் இந்த வரம்பை நீக்கும் ஒரு சுவிட்ச் இருக்கிறது. மேக்ஓஎஸ் 11.3 பதிப்பிலிருந்து அது பயன்படுவதில்லை. பழைய குறிப்புகளைப் பார்த்து அதைப் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள்.

எந்த 15 வேண்டும் என்பதை நீங்களே சொல்ல வேண்டும். இதற்கு யுஎஸ்பி மேப்பிங் என்று பெயர். யுஎஸ்பிடூல்பாக்ஸ் என்ற நிரலை விண்டோஸிலேயே ஓட்டலாம். ஒரு பழைய யுஎஸ்பி 2 பென் டிரைவையும் ஒரு யுஎஸ்பி 3 பென் டிரைவையும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு துளையிலும் இரண்டையும் செருகி எடுங்கள். எந்தத் துளைக்கு எந்தப் பெயர் என்று திரையில் தெரியும். நான் கேபினட்டின் பின்பக்கத்தை ஒரு தாளில் வரைந்து, ஒவ்வொரு துளைக்கும் பக்கத்தில் அதன் பெயரை எழுதினேன். அந்தத் தாள் இன்றும் கேபினட்டின் உள்பக்கக் கதவில் ஒட்டியிருக்கிறது. வேண்டாதவற்றை நீக்கிவிட்டு, மிச்சத்தை ஒரு சிறிய கெக்ஸ்ட் கோப்பாக (மேக்ஓஎஸ்ஸில் டிரைவர்கள் இருக்கும் கோப்பு வகை) சேமித்து ஓப்பன்கோரில் சேர்க்க வேண்டும்.

இப்போது தூக்கத்துக்கு வருவோம். ப்ளூடூத் எதில் இருக்கிறது என்று பாருங்கள். வைஃபை கார்டோடு வரும் ப்ளூடூத், மதர்போர்டுக்குள்ளே ஒரு யுஎஸ்பி போர்ட்டில்தான் சேர்ந்திருக்கும். அந்த ஒரு போர்ட்டை மட்டும் 'உள் இணைப்பு' என்று குறிக்க வேண்டும். மேப்பில் அதற்கான வகை எண் 255. அதை வெளித் துளை என்று விட்டுவைத்தால், ஏதோ சாதனத்தைப் பிடுங்கிச் செருகியதாக மேக்ஓஎஸ் எடுத்துக்கொண்டு விழித்துவிடலாம். என் கணினியில் நடந்தது இதுதான். எண்ணை மாற்றிச் சேமித்து, ஸ்லீப் போட்டுவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். விசிறி நின்றது. பவர் விளக்கு மெல்ல மின்னத் தொடங்கியது. ஐந்து நிமிடம் இருட்டில் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்படியும் விழித்தால், டெர்மினலில் பிஎம்செட் கட்டளையால் பதிவைப் பாருங்கள், எது எழுப்பியது என்று அதில் இருக்கும். பல மதர்போர்டுகளில் யுஎஸ்பியும் நெட்வொர்க்கும் 'நான் கணினியை எழுப்புவேன்' என்று பயாஸ் (மதர்போர்டின் சொந்த நிரல்) தரும் பாகங்களின் அட்டவணையில் சொல்லி வைத்திருக்கும். அதை மறுத்துச் சொல்லும் எஸ்எஸ்டிடி என்ற சிறிய துணை அட்டவணைக் கோப்பு ஒன்றைச் சேர்த்தால் அடங்கிவிடும். ஆனால் மேப்பிங் முடியாமல் இதற்குப் போகாதீர்கள். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது குணமாக்கியது என்று தெரியாது.

கேள்வி: ஏஎம்டியின் ரைசன் பிராசஸரில் ஹேக்கின்டாஷ் முடியுமா?

பதில்: முடியும். கெர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதி) சில திருத்தங்களை ஓப்பன்கோர் வழியாக ஏற்ற வேண்டும். அந்தத் திருத்தங்களில் உங்கள் பிராசஸரின் கோர் எண்ணிக்கையைச் சரியாக எழுத வேண்டும், தவறினால் தொடக்கத்திலேயே நின்றுவிடும். ஏஎம்டி பிராசஸர் உள்ள மேக்கை ஆப்பிள் விற்றதே இல்லை. அதனால் இன்டெலுக்கென்று எழுதிய சில மென்பொருள்கள் அதில் தடுமாறும், அடோபியின் சில நிரல்கள் அப்படித்தான். கையில் ரைசன் இருந்தால் முயன்று பாருங்கள். புதிதாக வாங்குவதானால் வேண்டாம்.

கேள்வி: நண்பர் ஒருவர் தன் ஓப்பன்கோர் கோப்புறையை அப்படியே கொடுத்தார். என்னுடையதும் அதே மதர்போர்டுதான். ஓடுகிறது. ஆனால் ஆப்பிளின் செய்திச் சேவையான ஐமெசேஜில் மட்டும் நுழைய முடியவில்லை.

பதில்: நல்லவேளை, நுழையவில்லை. அந்தக் கோப்புறையில் அவருடைய சீரியல் எண் இருக்கிறது. ஒரே எண்ணில் இரண்டு கணினிகள் ஆப்பிளின் சர்வரைத் தொட்டால் இருவருக்கும் சிக்கல் வரலாம். ஜென்எஸ்எம்பயாஸ் என்ற நிரலால் உங்களுக்கென்று புதிய எண்ணை உருவாக்குங்கள். அது யாரோ வாங்கிய உண்மையான மேக்கின் எண்ணாக இருந்துவிடக் கூடாது. ஆப்பிளின் உத்தரவாதம் பார்க்கும் பக்கத்தில் சரிபார்த்து, 'இப்படி ஓர் எண் இல்லை' என்று வந்தால் மட்டும் பயன்படுத்துங்கள். உங்கள் முதன்மையான ஆப்பிள் கணக்கை இதில் சேர்க்காதீர்கள், தனியாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: கடன் வாங்கிய கோப்புறை ஓடுகிறதே என்று அப்படியே இருந்துவிடாதீர்கள். அதில் உள்ள ஒவ்வொரு வரியும் ஏன் இருக்கிறது என்று தெரியாவிட்டால், அது நிற்கும் நாளில் எங்கே கை வைப்பது என்றும் தெரியாது. 2021-இல் ஓப்பன்கோரைப் புதிய பதிப்புக்கு மாற்றினேன். அமைப்புக் கோப்பு மட்டும் பழையது. பழையதைப் பிரதி எடுத்து வைக்கவும் இல்லை. தவறு முழுவதும் என்னுடையது. திரையில் ஒரே ஒரு வரி வந்து அப்படியே நின்றது. என் அக்கா பார்வையற்றோருக்காகப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்கிறார், நான் ஒலியைச் சீராக்கித் தருவேன். மறுநாள் காலை கொடுக்க வேண்டிய இரண்டு அத்தியாயங்கள் அதில் இருந்தன. நல்லவேளையாக ஒலிக் கோப்புகள் விண்டோஸும் படிக்கக்கூடிய தனி வட்டில் இருந்தன. விண்டோஸில் இலவச மென்பொருளை வைத்து விடியும்வரை உட்கார்ந்து முடித்தேன்.

அதற்குப் பிறகு, ஓடும் நிலையில் உள்ள ஓப்பன்கோர் கோப்புறையை ஒரு பென் டிரைவில் போட்டு, நூலால் கேபினட்டின் பின்னால் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். எந்த மாற்றத்தையும் அந்தப் பென் டிரைவில்தான் முதலில் சோதிப்பேன். அமைப்புக் கோப்பை ஓசிவேலிடேட் என்ற நிரலில் கொடுத்துச் சரிபார்ப்பேன், பதிப்புக்கும் கோப்புக்கும் பொருந்தாத இடங்களை அது காட்டிவிடும். விண்டோஸைத் தனி வட்டில் வையுங்கள். அதற்குப் போக வேண்டுமென்றால் ஓப்பன்கோர் வழியாகப் போகாமல் பயாஸின் பூட் மெனுவிலிருந்து போங்கள்.

கேள்வி: பழைய கோர் 2 குவாட் கணினியில் விண்டோஸ் 11 போட முடியுமா? விண்டோஸின் பதிவேட்டில் (ரெஜிஸ்ட்ரி) ஒரு வரி மாற்றினால் போதும் என்கிறார்கள்.

பதில்: டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், பிராசஸர் பட்டியலில் இருக்க வேண்டும் என்பவை நிறுவும்போது நடக்கும் சோதனைகள். அவற்றைத் தாண்டலாம். ஆனால் விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு, பாப்கவுன்ட் என்ற பிராசஸர் கட்டளை இல்லாமல் பூட் ஆகவே ஆகாது. கோர் 2 வரிசையில் அந்தக் கட்டளை கிடையாது. பதிவேட்டு வரியால் அதைக் கொண்டுவர முடியாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. இந்தக் கணினிக்கு லினக்ஸ் போடுங்கள்.

கேள்வி: இப்போது ஹேக்கின்டாஷ் தொடங்குவதில் அர்த்தம் இருக்கிறதா? நேரடியாகச் சொல்லுங்கள்.

பதில்: கற்றுக்கொள்வதற்கு என்றால் இருக்கிறது. பல ஆண்டு உழைக்கும் மேக் வேண்டும் என்றால் இல்லை.

2020-இல் ஆப்பிள் தன் சொந்தச் சிப்புக்கு மாறத் தொடங்கி, 2023-இல் மேக் புரோவோடு அதை முடித்தது. 2025 ஜூனில், மேக்ஓஎஸ் 26 டாஹோதான் இன்டெலுக்கான கடைசிப் பதிப்பு என்று அறிவித்தது. அதற்குப் பிறகு வரும் மேக்ஓஎஸ் வேறு பிராசஸர் மொழியில் மட்டுமே எழுதப்பட்டிருக்கும். ஓப்பன்கோர் அடையாளத்தை மாற்றிச் சொல்ல முடியும், மொழியை மாற்ற முடியாது. டாஹோவில் மதர்போர்டு சவுண்டுக்கான டிரைவரையும் எடுத்துவிட்டார்கள். ஆகவே இன்று தொடங்குபவர் அதற்கு முந்தைய பதிப்பான செகோயாவோடு நிற்பது நல்லது. பாகங்களுக்கு ஆகும் செலவு, நல்ல நிலையில் உள்ள, ஆப்பிளின் சொந்த எம்1 சிப் கொண்ட பழைய மேக் மினியின் விலைக்குப் பக்கத்தில் வந்தால், யோசிக்காமல் மேக் மினியையே வாங்குங்கள். முதல் கேள்வி கேட்ட மாணவருக்கும் இதையே சொல்கிறேன். ஏற்கெனவே பாகங்கள் கையில் இருப்பவர்கள், அல்லது கணினி எழுந்திருக்கும் அந்த முதல் சில விநாடிகளில் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுபவர்கள் செய்து பாருங்கள். பூட்லோடர், பாகங்களின் அட்டவணை, டிரைவர் ஏறும் வரிசை என்று நான் தெரிந்துகொண்டவற்றில் பெரும்பகுதி அந்த ஒரு கணினியைக் கட்டியதால் வந்தது.

என் கணினியில் ஐ5-9600கே பிராசஸர், ஆர்எக்ஸ் 580 கார்டு, 32 ஜிபி ராம். மேக்ஓஎஸ் வென்சுராவோடு நிறுத்திவிட்டேன். வென்சுராவுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன, அதனால் அதிலிருந்து இணைய இணைப்பைக் கழற்றிவிட்டேன். இரண்டாவது வட்டில் டெபியன் போட்டிருக்கிறேன், அன்றாட வேலை அதில்தான். அக்காவின் ஒலிப்பதிவு வரும் நாட்களில் மட்டும் வென்சுராவை எழுப்புகிறேன். இந்த வாரம் பதினோராம் அத்தியாயம் வந்திருக்கிறது.